இருபத்து நாலரை சென்டிமீட்டர் பெட்டி

சக்கரம் வந்து சேர்ந்த அன்று என் மாடல் ரயில் பெட்டி கொக்கு மாதிரி நின்றது.

மூன்று வாரம் காத்திருந்து, வெளிநாட்டு பார்சலைப் பிரித்து, எட்டு சக்கரங்களையும் போகியில், அதாவது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தில், மாட்டப் பார்க்கிறேன். அச்சு உள்ளே போகவே மறுக்கிறது. போகியின் இரு பக்கத்தையும் கொஞ்சம் நெம்பி எப்படியோ திணித்து மேசையில் நிறுத்தினால், பெட்டி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றரை மில்லி என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். 87 மடங்கு சிறிதாக்கிய உலகத்தில் அது ஏறத்தாழ அரை அடி. அசல் பெட்டி அரை அடி உயர்ந்து நின்றால் நடைமேடையில் இருந்து ஏற வயதானவர்களுக்கு ஸ்டூல் போட வேண்டும்.

தப்பு முழுக்க என்னுடையது. 'கோச் சக்கரம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் கார்டை நீட்டிவிட்டேன். அது இங்கிலாந்து பெட்டிகளுக்கானது: 14 மில்லி விட்டம், 26 மில்லி அச்சு. எனக்கு வேண்டியதோ 10.5 மில்லி சக்கரம், இரண்டு மில்லி போலக் குறைவான அச்சு. நம் ரயில் பெட்டியின் சக்கரம் 915 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 10.5 வரும். ஐரோப்பாவில் எச்ஓ அளவில், அதாவது இதே 87 மடங்கு சிறிய அளவில், விற்கும் சாதாரணப் பெட்டிச் சக்கரமும் அநேகமாக அதேதான். பக்கத்திலேயே இருந்ததை விட்டுவிட்டுத் தப்பான கடையில் கேட்டிருக்கிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது ஐசிஎஃப் பெட்டி. பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபாக்டரியில் செய்த, மெரூன் நிறத்து, ஜன்னலில் குறுக்குக் கம்பி போட்ட, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி. 'இது என்ன பழங்காலப் பெட்டியா, போன வாரம்தானே இதில் ஊருக்குப் போனேன்' என்பீர்கள். சரிதான், இன்னும் ஓடுகின்றன. ஆனால் அந்த வடிவமைப்பில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியிலேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டது. இப்போது அங்கே செய்வது எல்எச்பி, வந்தே பாரத் மாதிரிப் புதிய வடிவமைப்புகள். மெரூன் நிறமோ அதற்கும் முன்பே போய்விட்டது. வேக்குவம் பிரேக்கை எடுத்துவிட்டு ஏர் பிரேக் போட்ட பெட்டிகளுக்கு நீல வண்ணம் பூசத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில் தொடங்கிய அந்த நீலம் பத்துப் பதினைந்து வருடத்தில் மெரூனைத் துடைத்துப் போட்டது. என் பள்ளிக்கூடக் கோடை விடுமுறைகள் எல்லாம் மெரூனில்தான் நடந்தன. எனவே எனக்கு அது வரலாறு.

இதற்குக் கிட் கிடைக்குமா என்று கேட்டு மாதம் ஒருவராவது எனக்கு எழுதுகிறார். கடையில் போய் ஒரு அட்டைப் பெட்டியை வாங்கி, உள்ளே இருப்பதை ஒட்டி, வண்ணம் பூசி ஓட்டலாமா என்று. முடியாது. அவ்வப்போது யாராவது சிறிய அளவில் செய்து விற்பார், பத்தோ இருபதோ தீர்ந்ததும் நிறுத்திவிடுவார். நம்பி உட்கார முடியாது.

இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்தால் வயிறு எரியும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நூறு வருடத்துக்கு முன் ஓட்டிய நாலு சக்கரப் பெட்டிக்கு ரேஷியோ நிறுவனம் பிளாஸ்டிக் கிட் போட்டிருக்கிறது. பீக்கோ அதை வாங்கிய பிறகும் தொடர்ந்து விற்கிறார்கள். மிட்லண்ட் ரயில்வேயின், கூரை நடுவில் உயர்த்தி ஜன்னல் வைத்த பெட்டிக்கு ஸ்லேட்டர்ஸ் கிட் போட்டிருந்தது. பிளாஸ்டிக்கில் கிடைக்காததை யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து விற்பார். பயணிகள் ஏறி இறங்கிய பெட்டி எதுவாக இருந்தாலும் அதற்கு எங்கேயோ ஒரு கிட் இருக்கும் என்று அங்கே நம்பலாம். அந்தக் கிட்டின் விலையில் பாதி தகட்டுக்கும் பிளாஸ்டிக்கிற்கும் அல்ல என்பது, அது இல்லாத ஊரில் உட்கார்ந்து செய்யும்போதுதான் உறைக்கிறது. யாரோ வரைபடம் தேடி, அளவெடுத்து, எந்த வருடத்துப் பெட்டி என்று முடிவு செய்து, ஜன்னலை எண்ணி வைத்திருக்கிறார். அந்த வேலைக்குத்தான் காசு.

அந்த வேலையில் இருந்துதான் நானும் தொடங்க வேண்டியிருந்தது.

நல்லவேளை, இந்தப் பெட்டியின் முக்கிய அளவுகள் ரயில்வே பாடப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. உடல் நீளம் 21,337 மில்லிமீட்டர். அகலம் 3,245. தண்டவாளத்தில் இருந்து கூரை உச்சி வரை 4,025. இரண்டு போகி மையங்களுக்கு இடையே 14,783. ஒரு போகியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2,896. எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசை விளக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீளம் 245 மில்லி. சாதாரண அடி ஸ்கேலில் ஐந்தரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்.

பெரிய அளவுகள் கிடைத்துவிடும். ஜன்னல் சட்டத்தின் அகலம், கதவின் கைப்பிடி எந்த உயரத்தில், கழிவறை ஜன்னல் ஓரத்தில் இருந்து எவ்வளவு தள்ளி, இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டிக்கு நேர் எதிரே, எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்ப் படம் எடுக்க வேண்டும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளைந்துபோய் எதற்கும் உதவாது. அப்புறம் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு போகி மையங்களுக்கு இடையே எத்தனை பிக்சல் என்று பார்த்தால் போதும். அது 14,783 மில்லி என்பது தெரியும்; மற்றதெல்லாம் மூன்றாம் வகுப்புக் கணக்கு. பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்கு நான் நாலு முறை டிக்கெட் எடுத்திருக்கிறேன். நாலாவது முறை கவுன்டரில் இருந்தவர், "சார், பசங்களைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார்.

பழைய படங்களைப் பார்க்கும்போது பெட்டி எண்ணைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் வந்த ஐந்து இலக்க எண்களில் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. 87 என்று தொடங்கினால் 1987. இது தெரியாமல் நான் முதலில் ஒரு பெட்டியின் உடலுக்கு எழுபதுகளின் படத்தையும், கூரைக்குத் தொண்ணூறுகளின் படத்தையும் பார்த்து வரைந்துவிட்டேன். அப்படி ஒரு பெட்டி இந்தியாவில் எந்தத் தண்டவாளத்திலும் ஓடியதில்லை.

இனி சாமான்.

பக்கச் சுவரை 1 மில்லி அக்ரிலிக்கில் லேசரில் வெட்டினேன். பாரிமுனைப் பக்கம் ஷீல்டும் பெயர்ப்பலகையும் செய்து கொடுக்கும் கடைகளில் லேசர் இருக்கும். முதலில் நான் கொண்டுபோனது ஐடி கார்டு செய்யும் பிவிசி தகடு. முக்கால் மில்லி, அழகாக வளையும், நன்றாக ஒட்டும். கடைக்காரர் கையில் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பிவிசி போட மாட்டேன் தம்பி. புகை குளோரின். மெஷினும் போயிரும், நானும் போயிருவேன்." அவர் பயந்தது சரிதான்; முக்கியமாக வருவது ஹைட்ரஜன் குளோரைடு. மாடல் செய்பவர்கள் விரும்பும் ஸ்டைரீன் தகடோ லேசரில் வெட்டுப்படுவதற்குப் பதில் உருகி ஓரம் தடித்துவிடும். அதனால் அக்ரிலிக். அதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. 1 மில்லி சுவர் என்றால் அசலில் ஒன்பது சென்டிமீட்டர் தடிமன், ஜன்னல் எல்லாம் கோட்டைச் சுவரில் வைத்த மாதிரி தெரியும். உள்பக்கமிருந்து ஒவ்வொரு ஜன்னல் விளிம்பையும் அரம் வைத்துச் சரிவாகச் சீவினால் வெளியே இருந்து மெல்லியதாகத் தோன்றும். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை நேரம் போகும்.

கூரைக்கு முப்பரிமாண அச்சு, அதாவது 3டி பிரின்ட். சாதாரண அச்சு இயந்திரத்தின் மேடை 220 மில்லி சதுரம், கூரை 245. வெட்டி இரண்டாகச் செய்து ஒட்டலாம், ஆனால் கூரையில் ஒட்டு தெரிந்தால் பெட்டியே பொய்யாகிவிடும். மூலைக்கு மூலை குறுக்கே படுக்க வைத்தால் 300 மில்லிக்கும் மேல் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தோன்ற இரண்டு மாதம் ஆனது. எட்டாம் வகுப்புக் கணக்கு. அச்சின் வரிகளை மறைக்கக் கார் டிங்கரிங் கடையில் பூசும் பட்டிதான். பூசு, தேய், மறுபடியும் பூசு, தேய்.

போகியின் பக்கச் சட்டங்களை ரெசினில் அச்சடித்துக்கொண்டேன். ரெசின் அச்சில் சுருளின் ஒவ்வொரு சுற்றும் தெளிவாக விழும். இந்த இடத்தில் ஒரு சொல் குழப்பம். நம் ஊரில் 'எந்த போகி?' என்றால் எந்தப் பெட்டி என்று அர்த்தம். ரயில்வேக்காரருக்கும் மாடல் செய்பவருக்கும் போகி என்பது பெட்டிக்கு அடியில் நாலு சக்கரத்தோடு திரும்பும் சட்டம் மட்டும். அச்சடித்துத் தருபவரிடம் போனில் 'ரெண்டு போகி வேணும்' என்று சொல்லிவிட்டு, அவர் முழுப் பெட்டிக்கு விலை சொல்ல, நான் அதிர்ந்து, பத்து நிமிடம் இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டிலோ, கூடத்தில் சிந்திக் கிடக்கும் குப்பையைப் பார்த்து, "எந்த போகியா இருந்தாலும் சரி, வர்ற போகிக்கு எல்லாம் எரிச்சிடுவேன்" என்று ஒரு மூன்றாவது அர்த்தமும் வந்தது.

ஐசிஎஃப் போகியின் வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 1949-இல் இந்திய அரசு ஷ்லீரன் ஊரில் இருந்த சுவிஸ் கார் அண்ட் எலிவேட்டர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு பெரம்பூர் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். அதே சுவிஸ் நிறுவனம் தன் நாட்டு ரயிலுக்கும் பெட்டி செய்தது. அவற்றுக்கு எச்ஓ மாடல்கள் ஏராளம். பழைய சுவிஸ் மாடல் ஒன்றை மலிவாக வாங்கி அதன் போகியைக் கழற்றி நம் பெட்டிக்குப் போட்டுவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை. போட்டும் பார்த்தேன். ஒரே குடும்பத்து ஜாடை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் போகியில் ஒவ்வொரு அச்சுப் பெட்டிக்கும் இரு பக்கமும் நிற்கும் அந்தச் சுருள் ஸ்பிரிங் ஜோடியும், நடுவில் பாரம் தாங்கும் பெரிய சுருள்களும் கண்ணில் பழகிப் போனவை. நடைமேடையில் உட்கார்ந்து நாம் வேறு எதைப் பார்த்தோம்? மாமா பையனைப் பார்த்து அண்ணன் என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. கழற்றிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜன்னல் கம்பி. இதைச் செய்யாமல் நம் ஊர்ப் பெட்டி இல்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகக் கம்பி வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன்; மூன்றாவது ஜன்னலில் கம்பிகள் மூன்றும் மூன்று திசையைப் பார்த்தன. பித்தளையில் அரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டால், நூறு தகடாவது எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். கடைசியில் வழி காட்டியது என் மகளின் கிட்டார். அதன் மிக மெல்லிய தந்தி 0.23 மில்லி. அசலில் 2 சென்டிமீட்டர், கம்பிக்கு ஏறத்தாழப் பொருத்தம். கம்பிகள் எல்லாம் கிடைமட்டம், எல்லா ஜன்னலும் ஒரே உயரம். அப்படியென்றால் ஜன்னலுக்கு ஜன்னல் ஏன் வெட்ட வேண்டும்? பெட்டியின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரே தந்தியை உள்பக்கம் இழுத்துக் கட்டினால், போகிற வழியில் எல்லா ஜன்னலுக்கும் ஒரு கம்பி விழுந்துவிடும். இரு முனையிலும் அரத்தால் சின்னக் காடி போட்டு, தந்தியை அதில் உட்கார வைத்து, கிட்டாரில் முறுக்குவது போல இழுத்துப் பிடித்து, துளி பசை. அடுத்த காடி, அடுத்த தந்தி. ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம். நகத்தால் சுண்டினால் லேசாகச் சத்தம்கூட வந்தது.

ஒரே எச்சரிக்கை: கண்ணாடிக்கு வைக்கும் ஒளிபுகு தகட்டை அதற்கு முன்பே ஒட்டிவிடாதீர்கள். உடனடிப் பசையின் ஆவி அதன் மேல் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். என் முதல் பெட்டியில் எல்லா ஜன்னலிலும் மார்கழிப் பனி.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அகலப்பாதை 1,676 மில்லி. 87-ஆல் வகுத்தால் 19 மில்லிக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5. அது ஐரோப்பாவின் 1,435 மில்லிப் பாதைக்கானது. அதில் நம் பெட்டியை நிறுத்தினால் குறுகலான பாதையில் குண்டு உடம்பு. சுத்தபத்தமாகச் செய்ய நினைப்பவர் தண்டவாளத்தையும் தானே போட வேண்டும். நான் 16.5-லேயே ஓட்டுகிறேன், வெட்கம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்துக்காரர்களும் டபுள்-ஓ என்ற தங்கள் அளவில் பெட்டியை எச்ஓவைவிடப் பெரிதாக்கி அதே 16.5 தண்டவாளத்தில்தான் காலங்காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் இருந்து பார்க்காமல் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டில் இருந்து நான் வரவழைப்பது இப்போது சக்கரமும் இணைப்புக் கொக்கியும் மட்டும்தான். அதற்குக் காரணம் தேசபக்தி இல்லை, வரி. சுங்கப் பட்டியலில் அளவு குறைத்த மாடல்கள் பொம்மையோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023-இல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற வந்த வரி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு முறை பார்சல் நின்றுபோய், விளக்கம் கேட்டு அழைத்தவரிடம் இது குழந்தைகள் விளையாடுவதற்கு இல்லை என்று சொன்னபோது, "அப்ப யார் சார் விளையாடுவாங்க?" என்று கேட்டார். 53 வயதில் அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. சொல்லவில்லை. சக்கரங்களைத் தனி உதிரியாக, சின்ன உறையில், நாலு பெட்டிக்கு ஒரே முறையாக வாங்குவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

மெரூன் வண்ணத்துக்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். சுருக்கமாக: அசல் பெட்டிக்கு அடித்த அதே நிறத்தைச் சின்னப் பெட்டிக்கு அடித்தால் கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் நாலு பேரிடம் காட்டினேன், நாலு பேரும் நாலு மெரூன் சொன்னார்கள்.

முடிந்த பெட்டியைப் பெரியப்பாவிடம் எடுத்துப் போனேன். ஐசிஎஃப்-இல் பெட்டியின் உடலைச் செய்யும் ஷெல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டராக இருந்தவர். அயனாவரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, வெயிலைப் பார்த்துச் சாய்த்து, பக்கச் சுவரின் மேல் ஒரு கண்ணை ஓட்டினார்.

"என்னடா இது, இவ்ளோ வழவழன்னு இருக்கு?"

"அக்ரிலிக் பெரியப்பா. லேசர்ல வெட்டினது."

"நம்ம பெட்டி இப்படி இருக்காதுடா. ரெண்டு மில்லி தகடு. உள்ள கம்பம் வச்சு வெல்ட் அடிச்சா இழுத்துக்கும். சூடு காட்டித் தண்ணி ஊத்தி நிமிர்த்துவோம். எவ்ளோ நிமிர்த்தினாலும் சாயங்கால வெயில்ல பார்த்தா அலை அலையா தெரியும். நீ பார்த்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். நூறு முறை பார்த்திருக்கிறேன். நாலு முறை டிக்கெட் எடுத்துப் படம் பிடித்தேனே, அத்தனை படத்திலும் அந்த அலை இருக்கிறது. பிக்சல் எண்ணுகிற மும்முரத்தில் வெளிச்சம் சரியில்லை என்று நினைத்து அதைத் திருத்தி வேறு வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு இரண்டாவது பெட்டியில் அக்ரிலிக் சுவரின் மேல் மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிப் பார்த்தேன், சமையலறையில் சப்பாத்தி சுற்றுவது. உள்ளே ஒவ்வொரு கம்பம் வரும் இடத்திலும் வெளியே தாளைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினால் நடுவில் மிகச் சிறிய தொய்வு விழுகிறது. அழுத்தம் கூடினால் விபத்தில் அடிபட்ட பெட்டி. மூன்று தாள் கிழிந்தது. நாலாவது தாள் பரவாயில்லை; மேசை விளக்கைத் தாழ்த்தினால் அலை தெரிகிறது, நேராக வைத்தால் மறைகிறது. வண்ணம் பூசிய பிறகும் நிற்குமா என்பது அடுத்த ஞாயிறு தெரியும்.

லேசர் கடையில் ஒரு முழுத் தகடாகத்தான் வெட்டுவார்கள், அதனால் என்னிடம் ஆறு பக்கச் சுவர்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, எழுபதுகளும் தொண்ணூறுகளும் கலந்த அந்தப் பழைய வரைபடத்தில் வெட்டியவை. வேண்டுபவர்கள் மற்ற நாலையும் கேட்கலாம்.